ஒலிபெருக்கி ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு டாபிக் கொஞ்சம் பெருசு. வளரும் நாடுகள்ல, கம்ப்யூட்டர், போன், நெட்வொர்க் இதையெல்லாம் வச்சு மக்களோட வாழ்க்கையை மேம்படுத்தறோம்னு முப்பது வருஷமா நிறைய திட்டம் வந்திருக்கு. இதுல எது நிக்குது, எது படுத்துடுது, ஏன்? இதைப் பத்தி மேடையில பேசறவங்க எல்லாரும் இணைய வேகம், மொபைல் எண்ணிக்கைன்னு ஆரம்பிப்பாங்க. நாம ஒரு கதவுல இருந்து ஆரம்பிப்போம்.

2004 டிசம்பர் 26. ஞாயித்துக்கிழமை காலை. புதுச்சேரி பக்கத்துல நல்லவாடுன்னு ஒரு மீனவ கிராமம், சுமார் 3,600 பேர் இருக்கற ஊர். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சிங்கப்பூர்ல வேலை பார்த்துட்டிருந்தார். சுமத்ரா பக்கம் நிலநடுக்கம், கடல் பொங்குதுன்னு செய்தியில பார்க்கறார். உடனே வீட்டுக்கு போன் போடறார். இங்க கடல் ஏற்கெனவே வித்தியாசமா இருக்குன்னு வீட்ல சொல்றாங்க. "எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஊரை விட்டு ஓடுங்க"ங்கறார்.

ஒரு வீட்டுக்குத் தெரிஞ்சாச்சு. 3,600 பேருக்கு எப்படித் தெரியும்? ஊர்ல ஒரு அறிவு மையம் இருந்தது. அதுல ஒரு ஒலிபெருக்கி, நம்ம ஊர் பாஷையில குழாய் ஸ்பீக்கர். கதவு பூட்டியிருந்தது. ரெண்டு பேர் கதவை உடைச்சு உள்ளே போய், மைக்கைப் பிடிச்சு ஊருக்கே சொல்றாங்க. கிட்டத்தட்ட 150 வீடு, 200 படகு போச்சு. ஒரு உயிர்கூடப் போகலை.

இந்தக் கதையை "தொழில்நுட்பம் உயிரைக் காப்பாத்துச்சு"ன்னு நிறைய பேர் எழுதியிருக்காங்க. தப்பில்லை. ஆனா சாஃப்ட்வேர் வேலை பார்க்கற எனக்கு இதுல முதல்ல கண்ணுல படறது அந்தப் பூட்டுதான். சிங்கப்பூர்ல இருந்து புதுச்சேரிக்கு தகவல் வர சில நொடி போதும். கடைசி நூறு மீட்டர்ல ஒரு பூட்டு. அந்த ஊர்க்காரங்களுக்கு, உள்ளே ஸ்பீக்கர் இருக்கு, அதை எப்படிப் போடணும், இந்த நேரத்துல கதவை உடைச்சா யாரும் திட்ட மாட்டாங்கன்னு தெரிஞ்சிருந்தது. அது ஒரே நாள்ல வந்த அறிவு இல்லை. பல வருஷமா அந்த மையத்தைப் பார்த்து, பழகி, தங்களோடதுன்னு நினைச்சதால வந்தது.

ஐடியில இல்லாத நண்பர்களுக்காக ஒரு விஷயம். எங்க வேலையில "ஆன்-கால்"னு ஒண்ணு இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா யாராவது ஒருத்தரோட போன் அலறும். இந்த வாரம் யாரு, அடுத்த வாரம் யாருன்னு முன்னாடியே பட்டியல் போட்டிருப்பாங்க. அவர் அஞ்சு நிமிஷத்துல எடுக்கலைன்னா அடுத்தவருக்குப் போகும். அவரும் எடுக்கலைன்னா மேனேஜருக்கு. என்ன பண்ணணும்னு படிப்படியா எழுதி வச்சிருப்பாங்க. அதுக்குத் தனியா காசு குடுக்கற கம்பெனியும் உண்டு, குடுக்காத கம்பெனியும் உண்டு, அது வேற எபிசோடு. சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப் பத்து நிமிஷம் நின்னா என்ன செய்யணும்னு இவ்வளவு ஏற்பாடு இருக்கு. ஒரு கிராமத்து எச்சரிக்கை சிஸ்டத்துக்கு ஆன்-கால் யாரு? யாரு அவருக்கு சம்பளம் தர்றாங்க? திட்டத்துக்கு வந்த நிதி தீர்ந்த மறுநாள் என்ன ஆகும்? இந்த எபிசோடு முழுக்க இந்தக் கேள்விதான். இதுக்கு வெவ்வேற ஊர்ல வெவ்வேற பதில் சொல்லியிருக்காங்க. மூணு நாலு பதிலைப் பார்ப்போம்.

முதல்ல புதுச்சேரியே. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவோட ஐடிஆர்சி அமைப்பு குடுத்த நிதியில, 1998 ஜனவரியில இந்தத் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. 1998ங்கறதை நினைவுல வச்சுக்கோங்க. டயல்-அப் இன்டர்நெட் காலம். கிராமத்துல போன் லைனே ஒழுங்கா இருக்காது, கரன்ட் போய்ப் போய் வரும். அதனால வில்லியனூர்ல ஒரு மையம் வச்சாங்க. அங்கே இன்டர்நெட். அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம் மாதிரி ஊர்களுக்கு வி.எச்.எஃப் ரேடியோ மூலமா டேட்டா போகும். போலீஸ் வாக்கி-டாக்கியில வர்ற மாதிரியான ரேடியோதான், மோடம் மாட்டி டேட்டா அனுப்பினாங்க. கரன்டுக்கு சோலார் பேனல். இருக்கறதை வச்சு ஒப்பேத்தின டிசைன். எனக்கு ரொம்பப் பிடிச்ச மாதிரியான டிசைன்.

அதைவிட முக்கியம், ஊருக்கு அவங்க போட்ட கண்டிஷன். இடம் ஊர்தான் தரணும். மையத்தை நடத்த ஆளும் ஊர்லேருந்தே தன்னார்வலரா வரணும். தலித் மக்கள் உட்பட எல்லாரும் உள்ளே வர முடியணும். இந்த மூணாவது கண்டிஷனை சாதாரணமா கடந்து போயிடாதீங்க. நம்ம ஊர்ல பொது இடம்னா கோயில் கட்டடம், இல்லைன்னா பெரிய மனுஷர் வீட்டுத் திண்ணை. அங்கே யார் காலடி வைக்கலாம்ங்கறது கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே முடிவானது. கம்ப்யூட்டரை எங்கே வைக்கறோம்ங்கறதுலயே யாருக்குப் பயன்படும்ங்கறது முடிவாயிடும். மையங்களை நடத்தினவங்கள்ல பாதிக்கு மேல பெண்கள்.

அங்கே என்ன தகவல் குடுத்தாங்க? ஊருக்குப் போய், உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு கேட்டாங்க. அரசாங்கத் திட்டங்கள்ல எனக்கு எது கிடைக்கும், விளைபொருள் விலை என்ன, டாக்டர் எப்போ வருவார், பஸ் எத்தனை மணிக்கு, ரிசல்ட் வந்தாச்சா. வீராம்பட்டினத்துல மீனவங்க கேட்டது வேற: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கடற்படையோட வெப்சைட்ல வங்காள விரிகுடாவுக்கான அலை உயர முன்கணிப்பு போட்டுக்கிட்டிருந்தாங்க. அதை வில்லியனூர்ல டவுன்லோட் பண்ணி, தமிழ்ல மாத்தி, ரேடியோ வழியா ஊருக்கு அனுப்பி, ஒலிபெருக்கியில அறிவிச்சாங்க. கட்டுமரத்துல தொழிலுக்குப் போற ஒருத்தர், அமெரிக்கக் கடற்படை கணிச்ச அலை உயரத்தைத் தமிழ்ல கேட்டுட்டுக் கிளம்பறார். யாரும் ஸ்கிரீன் பார்க்கலை, லாகின் பண்ணலை. எழுதப் படிக்கத் தெரியணும்ங்கற அவசியமே இல்லை. தொண்ணூறுகள்ல யோசிச்ச இந்த இன்டர்ஃபேஸை விட நல்ல இன்டர்ஃபேஸ் இந்த வேலைக்கு இன்னிக்கும் இருக்கான்னு எனக்கு சந்தேகம்தான்.

ஆனா இந்த மாடலோட பலவீனம் எங்கேன்னா, முதுகெலும்பு வெளியில இருக்கு. வில்லியனூர் மையத்துல சம்பளத்துக்கு ஆள், வெளிநாட்டு நிதி, ஒரு பெரிய நிறுவனத்தோட பேர். ஊர்ப் பங்கு பெருசுதான், ஆனா ரேடியோ ரிப்பேர் ஆனா, பேட்டரி செத்தா அதை மாத்த நிறுவனம் வேணும். 2001ல இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதெல்லாம் கிடைச்சது. விருது கிடைக்கற திட்டம் வேற, பத்தாயிரம் ஊர்ல ஓடற திட்டம் வேற.

சரி, வெளிநிதியே வேண்டாம், தன் காலிலேயே நிக்கட்டும்னு யோசிச்சவங்க கதை அடுத்தது. அதுவும் நம்ம ஊர்தான், மதுரை பக்கம் மேலூர்.

2001 நவம்பர்ல சாரின்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. புடவை இல்லைங்க, கிராமப்புற இந்தியாவுக்கு நீடித்த இணைய வசதிங்கறதோட ஆங்கிலச் சுருக்கம். எம்ஐடி, ஹார்வர்டு, ஐஐடி மெட்ராஸ், என்-லாக் நிறுவனம் எல்லாம் சேர்ந்து பண்ணாங்க. இதோட தொழில்நுட்பம் ஐஐடி மெட்ராஸ்ல பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கின கார்டெக்ட். வயர் இல்லாம பத்து கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துக்கு போனும் இன்டர்நெட்டும் குடுக்கும். வேகம் 35, 70 கிலோபிட். இப்போ சிரிப்பா இருக்கும், அன்னிக்கு ஒரு கிராமத்துக்கு அது பெரிய விஷயம். உச்சத்துல 80க்கு மேல கியோஸ்க் இருந்தது.

பிசினஸ் மாடல் என்னன்னா, ஊர்ல இருக்கற ஒருத்தர் கிட்டத்தட்ட 50,000 ரூபாய் போடுவார், பெரும்பாலும் லோன் வாங்கித்தான். கம்ப்யூட்டர், பிரின்டர், வெப்கேம், பேட்டரி, கனெக்‌ஷன் எல்லாம் ஒரு பேக்கேஜா வரும். நம்ம எஸ்டிடி பூத் மாதிரி. மெயில், கம்ப்யூட்டர் கிளாஸ், ஜாதகம், போட்டோ, ஃபோட்டோவுல கண்ணைக் காட்டி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில ஆலோசனைன்னு சர்வீஸ் குடுத்து சம்பாதிக்கலாம். ஊர் மக்களுக்கு ரொம்பப் பயன்பட்டது இன்னொண்ணு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை மனு, இதையெல்லாம் கியோஸ்க்ல இருந்தே தாலுகா ஆபீசுக்கு அனுப்பற வசதி. ஒரு சான்றிதழுக்கு நாலு தடவை அலையறதுன்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு இதோட மதிப்பு தெரியும். ஒரு நாள் கூலி, பஸ் காசு, அதுவும் போய் "சார் இல்லை, நாளைக்கு வா"ன்னு கேட்டுட்டுத் திரும்பறது.

என்ன ஆச்சு? சில வருஷத்துல பெரும்பாலான கியோஸ்க் மூடிட்டாங்க. இந்தத் திட்டத்தோட சிறப்பு என்னன்னா, ஏன் மூடினாங்கன்னு உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணி வெளிப்படையா எழுதினாங்க. மைக்கேல் பெஸ்ட்டும் ராஜேந்திர குமாரும் பண்ண ஆய்வுகள் அது. பொதுவா நம்ம துறையில வெற்றிக்கு மட்டும்தான் ரிப்போர்ட் வரும். தோல்வியைப் பிரிச்சுப் பார்த்து எழுதினவங்களுக்கு நான் ரெண்டு மடங்கு மரியாதை குடுப்பேன்.

அதுல ரெண்டு விஷயம் எனக்கு முக்கியமாப் படுது. பயிற்சி எடுத்த ஆபரேட்டரைத் தனியா வச்சிருந்த மையங்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடிச்சது. மேலேருந்து டெக்னிக்கல் சப்போர்ட் தொடர்ந்து வராததும் மூடினதுக்கு ஒரு காரணம். அதாவது நாற்காலியில யார் உட்கார்ந்திருக்காங்க, அவங்களுக்குப் பின்னாடி யார் நிக்கறாங்க, இது ரெண்டும்தான். இன்னொண்ணு தாலுகா ஆபீஸ் பக்கம். ஆர்வமா இருந்த அதிகாரிங்க மாறுதலாகிப் போனாங்க. அடுத்து வந்தவங்களுக்கு இது கட்டாயம் இல்லை. மனு கம்ப்யூட்டர்ல வந்தா எடுத்துக்கணும்னு ஆபீஸ் நடைமுறையே மாறியிருக்கணும், அது மாறலை. அதனால அந்த சேவை நின்னு போச்சு. மக்களைக் கடைக்கு இழுத்ததே அதுதான். கடன் வாங்கிக் கடை போட்டவர் என்ன பண்ணுவார்? நமக்கு அது ஒரு "பைலட் ப்ராஜெக்ட்". அவருக்கு அது மாசாமாசம் கட்ட வேண்டிய வட்டி. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதற நம்ம மாதிரி ஆளுங்க அடுத்த ஊருக்குப் போயிடலாம். அவர் அதே ஊர்ல, அதே கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு இருக்கணும்.

இப்போ நம்ம ஊர் இ-சேவை மையத்தை நினைச்சுப் பாருங்க. அறுபது ரூபாய் கட்டினா சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். டெக்னாலஜியா பார்த்தா 2001ல மேலூர்ல பண்ணதுக்கும் இதுக்கும் அடிப்படையில பெரிய வித்தியாசம் இல்லை. இன்னிக்கு அதிகாரி மாறினாலும் மனு ஆன்லைன்லதான் வரும். அதான் வித்தியாசம்.

அடுத்து கென்யா. இது வேற மாதிரியான பதில். 2005ல வோடஃபோனும் அங்கே சஃபாரிகாமும் ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க, பிரிட்டிஷ் அரசோட வளர்ச்சி நிதியில ஒரு பங்கு வாங்கி. சின்னக் கடன் வாங்கினவங்க மொபைல் மூலமா தவணை கட்டணும், அதான் ஐடியா. சோதனையில என்ன பார்த்தாங்கன்னா, மக்கள் தவணையை விட்டுட்டு ஒருத்தருக்கொருத்தர் காசு அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. நைரோபியில வேலை பார்க்கறவர் ஊர்ல இருக்கற அம்மாவுக்கு அனுப்பறார். திட்டத்தை மாத்திட்டாங்க. 2007 மார்ச்ல "வீட்டுக்குப் பணம் அனுப்புங்க"ன்னு எம்-பெசா வந்தது. இன்டர்நெட் தேவையில்லை, ஸ்மார்ட்போன் தேவையில்லை. சிம் கார்டுலயே ஒரு மெனு, எஸ்எம்எஸ் மூலமா வேலை நடக்கும்.

எல்லாரும் இந்த சிம் மெனுவைப் பத்திப் பேசுவாங்க. நான் ஏஜென்ட்டைப் பத்திப் பேசணும். அம்மாவுக்கு போன்ல காசு வந்துடுச்சு. அதை யார் நோட்டா குடுப்பாங்க? தெருமுனையில ஒரு பெட்டிக்கடைக்காரர். அவர்கிட்ட கொஞ்சம் ரொக்கம், கொஞ்சம் மின்னணுப் பணம் ரெண்டும் இருக்கணும். நகரத்து ஏஜென்ட்டுக்கு எல்லாரும் ரொக்கத்தைக் கொண்டு வந்து போடுவாங்க, அவர்கிட்ட மின்னணுப் பணம் தீர்ந்துடும். கிராமத்து ஏஜென்ட்கிட்ட எல்லாரும் ரொக்கம் கேட்பாங்க, அவர் கல்லா காலியாயிடும். பஸ் ஏறி டவுனுக்குப் போய் பேங்க்ல எடுத்துட்டு வரணும். "சிஸ்டம் வேலை செய்யுது"ன்னா அங்கே அர்த்தம் இவர் கல்லாவுல காசு இருக்குங்கறதுதான். இதைச் செய்ய அவருக்கு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கமிஷன். ஆன்-கால் ஆளுக்கு சம்பளம் சிஸ்டத்துக்குள்ளேயே வந்துடுது. அதான் அது நின்னுச்சு. இன்னிக்கு கென்யாவுல ரெண்டு லட்சத்துக்கும் மேல ஏஜென்ட்.

தவ்நீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016ல சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. எம்-பெசாவால சுமார் 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்கள்ல 2 சதவீதம், வறுமையிலிருந்து மேல வந்திருக்குன்னு மதிப்பிட்டாங்க. பெண்கள் தலைமையில இருக்கற குடும்பங்கள்ல தாக்கம் அதிகம். இந்த எண்ணை எப்படிக் கணக்கு பண்ணலாம்னு விவாதம் போயிட்டுதான் இருக்கு. எனக்குப் பிடிச்சது அவங்க எதை அளந்தாங்கங்கறது. யார்கிட்ட போன் இருக்குன்னு பார்க்கலை. வீட்டுப் பக்கத்துல ஏஜென்ட் எண்ணிக்கை எவ்வளவு கூடுச்சுன்னு பார்த்தாங்க.

அப்போ எல்லாத்துக்கும் கமிஷன் மாடல் போட்டா முடிஞ்சது இல்லையா? இங்கேதான் நான் நின்னுடறேன். காசு அனுப்பறதுல ரெண்டு பக்கமும் லாபம் இருக்கு, அதுல ஒரு துளியை ஏஜென்ட்டுக்குக் குடுக்கலாம். கேரளாவுலயும் இதைப் பார்த்திருக்கோம். 1997லேருந்து 2001க்குள்ள வட கேரளக் கடலோரத்துக்கு மொபைல் வந்தப்போ, மீனவங்க தாங்களாவே போன் வாங்கினாங்க. எந்தக் கரையில நல்ல விலைன்னு கடல்ல இருந்தே கேட்டுட்டு அங்கே போனாங்க. ராபர்ட் ஜென்சன்ங்கற பொருளாதார நிபுணர் அளந்து பார்த்தார். விக்காம வீணாப் போற மீன், அதுக்கு முன்னாடி 5லேருந்து 8 சதவீதம் இருந்தது, கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. மீனவருக்கு லாபம் 8 சதவீதம் கூடுச்சு, வாங்கறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சது. ஒரு திட்டமும் இல்லை, ஒரு என்ஜிஓவும் இல்லை. லாபம் இருக்கற இடத்துல தகவல் தானா நடந்து போயிடும்.

நல்லவாட்டு ஒலிபெருக்கிக்கு யார் கமிஷன் தருவா? பத்து வருஷத்துல ஒரு தடவை அடிக்கற மணி அது. அதை நம்பி யாரும் கடை போட முடியாது. மாசம் பத்து ரூபாய் சந்தான்னு வச்சா, கட்டாதவங்க வீட்டுக்கு மட்டும் சுனாமி வருதுன்னு சொல்லாம இருப்பீங்களா? சந்தையில விற்க முடியாத தகவல்னு ஒரு வகை இருக்கு. அதுக்கு ஆன்-கால் பட்டியலை அரசுதான் போடணும். அதுவும் அடுத்த பட்ஜெட்ல வெட்டிட முடியாத மாதிரி. இதை நான் ஆசையில சொல்லலை. அப்படி ஒரு நாடு அம்பது வருஷத்துக்கும் மேலா பண்ணிட்டு இருக்கு. நம்மளை விட ஏழையான நாடா இருந்தப்போ ஆரம்பிச்சது.

வங்கதேசம். 1970 நவம்பர்ல, அது இன்னும் கிழக்கு பாகிஸ்தானா இருந்தப்போ, போலா புயல். செத்தவங்க மூணு லட்சத்துலேருந்து அஞ்சு லட்சம்னு மதிப்பீடு. புயல் வருதுன்னு வானிலை ஆட்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ஆத்து முகத்துவாரத்துத் தீவுகள்ல இருந்த மக்கள்ல ரொம்பப் பேருக்கு அதோட தீவிரம் போய்ச் சேரலை. தகவல் இருந்தது, கடைசி நூறு மீட்டர் இல்லை. விடுதலைக்கு அப்புறம் 1972ல புயல் ஆயத்தத் திட்டம் ஆரம்பிச்சாங்க, அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து. இன்னிக்கு சுமார் 76,000 தன்னார்வலர்கள், அதுல பாதி பெண்கள். தலைமையகத்துலேருந்து ரேடியோவுல செய்தி வரும். ஊர்ல இவங்க மெகாபோன் எடுத்துட்டு வீடு வீடாப் போவாங்க. கொடி ஏத்துவாங்க: அபாயம் கூடக் கூட ஒரு கொடி, ரெண்டு கொடி, மூணு கொடி. டாக்காவுலேருந்து வர்ற டேட்டாவுக்கு அங்கே டாஷ்போர்டு அந்த மூணு கொடிதான்.

கவனிங்க, இவங்களுக்கும் சம்பளம் இல்லை, தன்னார்வலர்கள்தான். அப்போ புதுச்சேரிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? முதுகெலும்புக்கு நிரந்தரச் சம்பளம் இருக்கு. ரேடியோவைப் பராமரிக்க ஆள், பயிற்சி குடுக்க அதிகாரி, வருஷா வருஷம் ஒத்திகை. தன்னார்வலருக்கு மழைக்கோட்டு, பூட்ஸ், டார்ச் லைட். அதுக்கும் மேல ஊர்ல ஒரு மரியாதை. இவர் எங்க வீட்டுக் கதவைத் தட்டினா கிளம்பணும்னு எல்லாருக்கும் தெரியும். 1991 புயல்ல 1,38,000 பேர் செத்தாங்க. 2007 சிட்ர் புயல்ல சுமார் 3,400. புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், கரைகள் எல்லாம் சேர்ந்துதான் இந்த வித்தியாசம், எச்சரிக்கை மட்டும் இல்லை. ஆனா கட்டடம் காலியா நின்னா என்ன பிரயோஜனம்? அதுக்குள்ள ஆளைக் கூட்டிட்டுப் போனது இந்த மெகாபோன்.

இப்போ இந்தப் பக்கம் வருவோம். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல். கன்னியாகுமரி ஆழ்கடல் மீனவங்க நாள் கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்கறவங்க. எச்சரிக்கை வந்தப்போ அவங்க ஏற்கெனவே கரையிலேருந்து ரொம்ப தூரத்துல. செல்போன் டவர் எட்டாது. தமிழ்நாடு, கேரளா ரெண்டுலயும் சேர்த்து நூற்றுக்கணக்கானவங்க திரும்பி வரலை. நல்லவாட்டுல ஊருக்கு ஸ்பீக்கர் இருந்தது. நடுக்கடலுக்கு எதுவுமே இல்லை.

அதுக்கப்புறம் வேலை நடந்திருக்கு, இல்லைன்னு சொல்லலை. 2019ல ஜெமினின்னு ஒரு சின்னப் பெட்டி வந்தது. செயற்கைக்கோள்லேருந்து எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத் வழியா மீனவரோட போனுக்கு அனுப்பும். ஹைதராபாத்ல இருக்கற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் அந்தத் தகவலைத் தருது. அது ஒரு வழிப்பாதை. புயல் வருதுன்னு மீனவருக்குச் சொல்லும், நான் மாட்டிக்கிட்டேன்னு அவர் திருப்பிச் சொல்ல முடியாது. அடுத்து ரெண்டு வழியிலும் பேசற டிரான்ஸ்பாண்டர் இஸ்ரோ தொழில்நுட்பத்துல வந்து, படகுகள்ல பொருத்திட்டு வர்றாங்க. கரையில இருக்கறவங்களுக்கு செல் பிராட்காஸ்ட். 2023ல நம்ம எல்லார் போனும் ஒரே நேரத்துல கத்துச்சே, அது. அதோட அழகு என்னன்னா, உங்க நம்பர் யாருக்கும் தெரிய வேண்டாம், டவர் தன் எல்லைக்குள்ள இருக்கற எல்லா போனுக்கும் ஒரே தடவை ஒலிபரப்பும். லட்சம் எஸ்எம்எஸ் வரிசையில நிக்கற பிரச்சினையே இல்லை. இன்ஜினியரிங்கா பார்த்தா ரொம்ப நல்ல தீர்வு.

ஆனா அன்னிக்கு என் ஆபீஸ்ல எல்லார் போனும் கத்தினப்போ என்ன பண்ணாங்கன்னா, சிரிச்சுட்டு ஓகே அமுக்கிட்டு வேலையைப் பார்த்தாங்க. சோதனைன்னு போட்டிருந்தது, சரி. நிஜமா வர்ற அன்னிக்கு எங்கே போகணும், பாட்டியை யார் தூக்கிட்டுப் போவா, கட்டடத்தோட சாவி யார்கிட்ட? போன்ல அது வராது.

நம்ம பாட்காஸ்ட் கேட்கற காலேஜ் பசங்க நிறைய பேர் வெள்ள எச்சரிக்கை ஆப், புயல் ஆப்னு ப்ராஜெக்ட் பண்றீங்க, மெயில்லயும் அனுப்பறீங்க. பண்ணுங்க, நல்ல விஷயம். ஒரே ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஆர்க்கிடெக்சர் படம்னு ஒண்ணு போடுவீங்க இல்லையா, சென்சார், சர்வர், கிளவுட், கடைசியில ஒரு போன் படம். அந்த போனுக்கு அப்புறமும் பெட்டி வரைஞ்சுட்டு போங்க. போன் யார் கையில? அவர் யாருக்குச் சொல்லுவார்? அவர் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தா அடுத்தது யாரு? பேட்டரி மாத்த யார் காசு குடுப்பா, எந்தக் கணக்குத் தலைப்புல? பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு நாள் உட்கார்ந்தா இதுல பாதிக்கு பதில் கிடைக்கும். மீதிக்கு பதில் கிடைக்காது. கிடைக்காத இடத்தைக் காலியாவே விட்டு, அப்படியே ரிப்போர்ட்ல போடுங்க. வைவால கேள்வி கேட்பாங்க. கேட்கட்டும்.

அடுத்த எபிசோடுல செல் பிராட்காஸ்ட் உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு டெக்னிக்கலா பார்க்கலாம். உங்க ஊர்ல எச்சரிக்கை வந்தா யார் சொல்லுவாங்க, எப்படிச் சொல்லுவாங்க, கோயில் மைக் செட்டா, தண்டோராவா, வாட்ஸ்அப் குரூப்பா, எழுதி அனுப்புங்க. தேர்ந்தெடுத்து அடுத்த தடவை படிக்கறேன்.